மகள் யூதப் பள்ளியில் கிண்டர்கார்டன் சேர்கிறாள். விஜயதசமியன்றே யோம் கிப்பூர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவேரிக்கரை | 17 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்று கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கும்பகோணம். கணவர் யூதர், பிறந்து வளர்ந்ததெல்லாம் நியூஜெர்சி. நான் மதம் மாறவில்லை, அவரும் கேட்டதில்லை. மகளுக்கு ஜூலையில் ஐந்து முடிந்தது. வரும் 27ஆம் தேதி இங்கே ஒரு யூதப் பள்ளியில் கிண்டர்கார்டன் சேர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் சமய வகுப்பு இல்லை இது. வாரம் ஐந்து நாளும் முழுநேரப் பள்ளி. பாதி நாள் ஆங்கிலமும் கணக்கும், மீதி நாள் எபிரேயம், தோரா என்ற யூத வேதத்தின் கதைகள், பண்டிகைப் பாட்டு.

பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இலவசமாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். போன வருடம் என் மாமனார் தவறிவிட்டார். இறந்தவருக்காக மகன் சொல்ல வேண்டிய கடிஷ் என்ற வேண்டுதலை இவர் எழுத்துக்கூட்டிக் கூட்டித்தான் படித்தார். சின்ன வயதில் படித்தது மறந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்காமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "என் மகள் இப்படித் தடுமாறக் கூடாது" என்று அன்றைக்குச் சொன்னதுதான். எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

என் கவலைக்கு வருகிறேன். கொரோனா, விசா, ஒன்று மாற்றி ஒன்று வந்து மகளுக்கு இன்னும் வித்யாரம்பம் செய்யவில்லை. கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் செய்ய வேண்டும் என்று அம்மா மூன்று வருடமாகக் காத்திருந்தார். போக முடியவில்லை, சரி, இந்த விஜயதசமிக்கு இங்கே வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நாள் பார்த்தால், அக்டோபர் 2. அதே நாள்தான் யோம் கிப்பூர். யூதர்களுக்கு வருடத்திலேயே புனிதமான நாள், பெரியவர்கள் இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள். அன்றைக்கு எழுதக் கூடாது. எழுத்தைத் தொடங்க வேண்டிய நாளும் எழுதவே கூடாத நாளும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அது போக, சாப்பாட்டு டப்பாவில் என்ன வைப்பது என்றும் தெரியவில்லை. பள்ளி கொடுத்த விதித்தாளை நாலு முறை படித்துவிட்டேன். என் மகளை அங்கே முழுசாகச் சேர்த்துக்கொள்வார்களா என்ற பயமும் இருக்கிறது. யாராவது இந்த வழியில் போயிருக்கிறீர்களா?

எடிசன் அக்கா | 17 ஆகஸ்ட் 2025

முதலில் பாப்பாவுக்கு என் வாழ்த்து. சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதே. எங்கள் தெருவில் ஒரு யூதக் குடும்பம், பத்து வருடப் பழக்கம். அந்த அம்மாவிடம் நான் கற்றது: நம் சைவச் சாப்பாடு அவர்கள் விதிக்கு ரொம்பப் பக்கம். பன்றி, இறால், நண்டு கூடாது. இறைச்சியையும் பாலையும் கலக்கக் கூடாது. இறைச்சியே இல்லாத வீட்டில் பாதிச் சிக்கல் தானாகப் போய்விடுகிறது. விதித்தாளில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லு.

காவேரிக்கரை | 17 ஆகஸ்ட் 2025

நன்றி அக்கா. வீட்டிலிருந்து இறைச்சி எதுவும் வரக் கூடாது, பால் வகை வரலாம். கடையில் வாங்கும் பொட்டலத்தில் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி ஆனது என்ற முத்திரை இருக்க வேண்டும். கடலை, முந்திரி எதுவும் கூடாது, அது ஒவ்வாமைக்காக. பிறந்தநாள் கேக் வீட்டில் செய்து கொண்டுவரக் கூடாது, கோஷர் பேக்கரியில்தான் வாங்க வேண்டும். அந்தக் கடைசி வரிதான் என்னவோ செய்தது. அவள் பிறந்தநாளுக்கு நான் செய்யும் ரவா கேசரி அந்த வாசலைத் தாண்டாது.

மழலை வகுப்பு | 18 ஆகஸ்ட் 2025

நான் பாஸ்டன் பக்கம். இப்படி ஒரு பள்ளியில் கிண்டர்கார்டன் உதவி ஆசிரியையாக ஆறு வருடமாக இருக்கிறேன். நான் யூதர் இல்லை, மதுரைக்காரி. இங்கே ஆங்கிலப் பாடத்துக்கு யூதரல்லாத ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. என்னிடம் கேளுங்கள்.

டப்பாவுக்கு: தயிர் சாதம், இட்லி, தக்காளி சாதம், சப்பாத்தி எல்லாம் போகும். எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை போட்டுத் தாளிக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விடுங்கள். கடலைப்பருப்பு போடலாமா என்று பள்ளிச் செவிலியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பருப்புப் பெயர்கள் அவர்களைக் குழப்பும். முத்திரை என்பது பொட்டலத்தின் மூலையில் சின்ன வட்டத்துக்குள் இருக்கும் யூ எழுத்து. அதில் 'டி' சேர்ந்திருந்தால் பால் வகை. முத்திரை ஒன்று மட்டும் இல்லை, வேறு பலவும் உண்டு. உங்கள் பள்ளி எவற்றை ஏற்கிறது என்று பட்டியல் வாங்கிவிடுங்கள்.

மார்ச் வந்ததும் கவனமாக இருக்க வேண்டியது பெருங்காயம். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பாஸ்கா நாட்களில், அதற்கென்றே செய்யும் புளிக்காத ரொட்டியைத் தவிர கோதுமை கலந்தது எதுவும் வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பது முறை. பள்ளியும் அதற்கு முந்தைய வாரமே அலமாரி அலமாரியாகத் துடைத்துவிடும். அரிசியும் பருப்பும் வேறு கதை. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள் நூற்றாண்டுகளாக அவற்றையும் பாஸ்காவில் ஒதுக்கிவந்தார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செபார்டி யூதர்களில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவார்கள். 2015 கடைசியில் யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்த ரபிகள் (மத குருமார்) குழு எல்லோரும் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டில் சோறு உண்டா இல்லையா என்பதை மாமியாரிடம்தான் கேட்க வேண்டும்.

கேசரி விஷயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது உங்களை ஒதுக்குவதற்காகப் போட்ட விதி இல்லை. யூத வீடுகளிலேயே கோஷர் கடைப்பிடிப்பது வீட்டுக்கு வீடு மாறும். எந்தக் குழந்தையும் "இதை நான் சாப்பிடக் கூடாது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் ஒரே பேக்கரி. ஒரு ரபியின் மனைவி செய்த கேக்கையும் எங்கள் வாசலில் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இரு பிள்ளை அப்பா | 18 ஆகஸ்ட் 2025

சிகாகோவிலிருந்து. என் வீட்டில் தலைகீழ்: மனைவி யூதர், நான் திருநெல்வேலி. இரண்டு பையன்களும் யூதப் பள்ளிதான், பெரியவன் இப்போது நாலாம் வகுப்பு.

"சேர்த்துக்கொள்வார்களா" என்று கேட்டீர்களே, அதற்கு நேரான பதில் பள்ளி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. மரபுச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால் பிள்ளை யூதர். மரபை இறுக்கமாகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸும் நடுவழியான கன்சர்வேடிவும் இன்றும் அதைத்தான் பிடித்திருக்கிறார்கள். அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983இல் தாய் தந்தை இருவரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையை யூதராக வளர்த்தால் போதும் என்று தீர்மானம் போட்டது. எனவே என் பையன்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லை, உங்கள் மகளை ஒரு பள்ளி ஏற்கும், இன்னொன்று சம்பிரதாயப்படி மதமாற்றம் செய்து வாருங்கள் என்னும். இது உங்கள் குறை இல்லை. ஆனால் மகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பாத் மிட்ஸ்வா என்ற சமயப் பருவச் சடங்கு வரும்போது இந்தக் கேள்வி திரும்ப வரும். இப்போதே கணவரிடம் பேசிவைப்பது நல்லது.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எங்களுக்கு ஒரு பிள்ளைக்கே வருடம் 20,000 டாலரைத் தாண்டுகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே பாதிப் பேர் வாங்குகிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

காவேரிக்கரை | 18 ஆகஸ்ட் 2025

வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி சார். முதலில் பார்த்த ஒரு பள்ளியில் எல்லாம் நன்றாகத்தான் போனது. விண்ணப்பத்தில் அம்மாவின் மதம் என்ற கட்டத்தை நிரப்பி அனுப்பிய பிறகு பதிலே வரவில்லை. நானே மூன்று முறை போன் செய்தேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட வலித்திருக்காது. இப்போது சேர்ப்பது எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பள்ளி. அங்கே முதல் சந்திப்பிலேயே "உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். அதனாலேயே பிடித்துப்போயிற்று.

ஸ்கார்பரோ நிலா | 19 ஆகஸ்ட் 2025

வணக்கம் தங்கச்சி. எங்கட யாழ்ப்பாணத்தில இதை ஏடு தொடக்கிறது எண்டு சொல்லுவம். விஜயதசமிக்கும் செய்வினம், தைப்பூசத்துக்கும் செய்வினம். என்ர பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் தைப்பூசத்தில்தான் தொடக்கினது. அடுத்த தைப்பூசம் பெப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்கு உங்களுக்கு ஒரு தடையும் இல்லை.

இன்னொண்டு கேக்கவேணும், கோவிக்காதேங்கோ. நான் போருக்குள்ள பிறந்து வளர்ந்தவள். காசாப் பிள்ளைகளைச் செய்தியில் பாக்கிற நாளில் எனக்கு நித்திரை இல்லை. அந்தப் பள்ளியில் இதைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சொல்லுவினம் எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?

காவேரிக்கரை | 19 ஆகஸ்ட் 2025

கோபம் இல்லை அக்கா. கேட்டேன். வகுப்புச் சுவரில் இஸ்ரேல் வரைபடம் இருக்கிறது, கொடி இருக்கிறது, அந்த நாட்டுப் பாட்டும் பாடுவார்கள். இந்த வயதில் போரைப் பற்றி வகுப்பில் பேசுவதில்லை, குழந்தையாகக் கேட்டால் பெற்றோருக்குச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வோம் என்றார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியபோது என் கணவரின் உறவுக்காரர் ஒருவர் அங்கே இருந்தார், இரண்டு நாள் அவரிடமிருந்து தகவலே இல்லை. அதற்குப் பிறகு காசாவில் நடப்பதைப் பார்த்து நான் அழுததும் இதே வீட்டில்தான். நாங்கள் இருவரும் ஒரே மாதிரி நினைக்கிறோம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் குழந்தைகளாகவே அவளிடம் சொல்வது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம்.

பள்ளி வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்கிறார். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு இப்படிக் காவல் போடுவது எங்கும் பெருகிவிட்டது என்றார்கள். அறிமுக நாளில் அந்தக் காவலர் குனிந்து என் மகளிடம் அவள் செருப்பிலிருந்த பூ என்ன பூ என்று கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு அவர் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ஸ்கார்பரோ நிலா | 19 ஆகஸ்ட் 2025

விளங்குது தங்கச்சி. நேராச் சொன்னதுக்கு நன்றி. பிள்ளை நல்லா இருக்கட்டும்.

மழலை வகுப்பு | 20 ஆகஸ்ட் 2025

வித்யாரம்பம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேற்று இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏறக்குறைய 800, 900 வருடத்துக்கு முன்னால் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்து யூதர்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஐந்து வயது வாக்கில், தோரா கிடைத்ததைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகையன்று, பையனைத் துணியால் போர்த்தி ஆசிரியரிடம் தூக்கிப் போவார்கள். ஆசிரியர் மடியில் உட்காரவைத்துப் பலகையில் எபிரேய எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரையும், கடைசியிலிருந்து முதல்வரையும் சொல்லிக் கொடுப்பார். அப்புறம் அந்தப் பலகையில் தேனைத் தடவி, எழுத்துகளின் மேலேயே நக்கச் சொல்வார். தேன் விட்டுப் பிசைந்த பணியாரத்தில் வேத வசனம் எழுதி அதையும் தின்னக் கொடுப்பார்கள். அந்தக் காலத்து ரபிகள் எழுதிவைத்த நூல்களிலேயே இது இருக்கிறது. வசனம் தேன்போல் இனித்தது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னதிலிருந்து வந்த எண்ணம். இன்றும் ஹசிதிக் என்ற பக்திமரபு யூதக் குடும்பங்கள் சிலவற்றில் மூன்று வயதில் பையனுக்கு முதல் முடி எடுத்த கையோடு தேன் தடவிய எழுத்தை நக்கவைக்கிறார்கள்.

முதல்முறை எங்கள் எபிரேய ஆசிரியை இதைச் சொன்னபோது, என் தாத்தா மோதிரத்தைத் தேனில் தொட்டு என் நாக்கில் எழுதியதை அவருக்கு நான் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உங்கள் மாமியாரிடம் இதிலிருந்து பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

பஞ்சாங்கப் பித்தன் | 20 ஆகஸ்ட் 2025

நாள் இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை அம்மா. அவர்கள் மாதமும் சந்திரனைப் பார்த்துத்தான் தொடங்குகிறது. அவர்கள் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, அமாவாசையை ஒட்டித் திஷ்ரி மாதம் முதல் நாள். பத்தாம் நாள் யோம் கிப்பூர். நமக்கும் அமாவாசை கழிந்து பிரதமையில் நவராத்திரி தொடங்கிப் பத்தாம் நாள் விஜயதசமி. இரண்டு பஞ்சாங்கமும் சூரியனோடு ஒத்துப்போக அவ்வப்போது ஒரு அதிக மாதம் சேர்க்கின்றன. அதைச் சேர்க்கும் வருடம் ஒத்துவராதபோது மட்டும் ஒரு மாதம் விலகிப்போகும். போன வருடமும் அக்டோபர் 12இல் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அடுத்த வருடம் விலகிவிடும்.

உங்கள் சிக்கலுக்கு வழியும் இதிலேயே இருக்கிறது. இந்தியாவில் தசமி திதி அக்டோபர் 1 மாலை ஏழு மணி வாக்கில் தொடங்கி மறுநாள் மாலை ஏழு வாக்கில் முடிகிறது. நியூஜெர்சி கடிகாரத்துக்கு மாற்றுங்கள்: புதன்கிழமை, அக்டோபர் 1, காலை ஒன்பதரை. யோம் கிப்பூர் அன்று சூரியன் மறையும்போதுதான் தொடங்கும். அதாவது உங்கள் ஊரில் புதன் பகல் முழுக்கத் தசமி, எழுதத் தடையும் இல்லை. உள்ளூர்க் கோயில் குருக்களிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

காவேரிக்கரை | 20 ஆகஸ்ட் 2025

ஐயா, இதைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு உடனே போன் செய்தேன். அங்கே நடுராத்திரி என்பதே மறந்துவிட்டது.

எடிசன் அக்கா | 21 ஆகஸ்ட் 2025

ரொம்ப சந்தோஷம். ஆனால் பூஜை? சரஸ்வதி படம் வைப்பீர்களா? படம் இல்லாமல் என்ன வித்யாரம்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாப்பிள்ளை ஒத்துக்கொள்வாரா?

காவேரிக்கரை | 22 ஆகஸ்ட் 2025

அதுதான் கஷ்டம் அக்கா. என் அறையில் படம் இருக்கிறது, நான் விளக்கேற்றுவேன், அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் மகளை உருவத்துக்கு முன் நமஸ்கரிக்கச் சொல்வது அவரால் முடியாது என்றார். யூதர்கள் எண்ணும் முறையில் பத்துக் கட்டளைகளில் இரண்டாவதே அது. யூதர்கள் எதை விட்டாலும் அதை விடுவதில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி அழுதேன். தேன், அரிசி, எழுத்து எல்லாம் உன்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொன்னார். இன்னும் முடிவு செய்யவில்லை.

இரு பிள்ளை அப்பா | 22 ஆகஸ்ட் 2025

எங்கள் வீட்டிலும் இதே இடத்தில் மூன்று மாதம் நின்றோம். நான் விட்டுக்கொடுத்தேன். அதற்காக இன்றும் சில நாள் வருத்தம் வரும். ஆனால் பையன்கள் தமிழில் எழுதுகிறார்கள். அதை நான் விடவில்லை. பள்ளியில் இரண்டாவது மொழியாக எபிரேயம் வந்ததும் தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போய்விடும், அதுதான் உண்மையான ஆபத்து. தினமும் பத்து நிமிடம், நீங்கள் மட்டும், தமிழ் மட்டும். முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள்.

மழலை வகுப்பு | 23 ஆகஸ்ட் 2025

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன், மகளுக்குச் சொல்லுங்கள். எபிரேயத்தில் அப்பாவுக்கு 'அபா', அம்மாவுக்கு 'இமா'. ஷபாத் என்ற வார ஓய்வுநாளை வரவேற்க வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குழந்தை 'ஷபாத் இமா', இன்னொன்று 'ஷபாத் அபா'. மெழுகுவத்தி முன்னால் கண்ணை மூடிப் பாட்டுச் சொல்லி, ஹல்லா ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து, உண்டியலில் காசு போடுவார்கள். அந்த வரிசையில் உங்கள் மகள் பெயர் கட்டாயம் வரும்.

இன்னொன்று, யூத வேதத்தின் ராஜாக்கள் புத்தகத்தில் சாலமோன் அரசருக்குக் கப்பலில் வந்த 'துக்கி' என்ற பறவை நம் தோகை மயில்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. எங்கள் வகுப்பில் கிளிப் படம் ஒட்டிய நாள் நான் மயிலைப் பற்றிச் சொன்னேன். குழந்தைகள் விடவே இல்லை.

காவேரிக்கரை | 5 அக்டோபர் 2025

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பள்ளி தொடங்கிப் பழகுவதற்குள் ரோஷ் ஹஷானா விடுமுறை, யோம் கிப்பூர் விடுமுறை, வரும் வாரம் சுக்கோத் பண்டிகை. இந்த மாதம் வேலைக்குப் போகிற தாய்மார் என்ன செய்கிறார்களோ தெரியவில்லை. முதல் இரண்டு வாரம் வாசலில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாவது வாரம் காவலருக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான்தான் காரில் உட்கார்ந்து அழுதேன்.

புதன்கிழமையைச் சொல்கிறேன். பள்ளி அன்று விடுமுறை. குருக்களும் திதியை உறுதி செய்துவிட்டார். காலை பத்தரைக்குக் கூடத்தில் கோலம் போட்டு, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பினேன். படம் வைக்கவில்லை. அம்மா கும்பகோணத்தில் தன் பூஜையறையில் சரஸ்வதிக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோவில் வந்தார். எங்கள் கூடத்தில் தாம்பாளம் மட்டும், அம்மாவின் பூஜை அங்கே. கணவரும் சரி என்றார், அம்மாவும் சரி என்றார். என் மனம் முழுசாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மாமியார் தேன் பாட்டிலோடு வந்தார். ரோஷ் ஹஷானாவுக்கு ஆப்பிளைத் தொட்டுச் சாப்பிட வாங்கிய அதே பாட்டில். மழலை வகுப்பு சொன்ன பலகைக் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். தன் தாத்தா போலந்தில் தேன் நக்கியதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், கதை என்றே நினைத்தேன் என்றார். அவரையே நாக்கில் தேன் வைக்கச் சொன்னேன். கை நடுங்கிற்று, தேன் மோவாயில் வழிந்தது.

நான் அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். சுழி பெரிசாக வந்துவிட்டது, அரிசி தரையில் சிதறியது. கையை எடுத்ததும் அவளாகவே தாம்பாளத்தின் வலது ஓரத்துக்குப் போய் இன்னொன்றை இழுத்தாள். சாய்வாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு குட்டிக் கை.

"அது என்னடி கோணலா?" என்று அம்மா அங்கிருந்து கேட்டார்.

"ஆலெஃப் பாட்டி. அதுக்குச் சத்தமே கிடையாது."

"சத்தமில்லாத எழுத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவாங்க?"

"வாயைத் திறந்து காத்துட்டு இருக்கணும்" என்றாள். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். அம்மா போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடித்து, அவர்கள் வெள்ளை உடுத்தி ஜெப ஆலயத்துக்குக் கிளம்பினார்கள். அரிசி தாம்பாளத்திலேயே இருந்தது. வியாழன் இரவு விரதம் முடிந்த பிறகு அதை எடுத்துப் பொங்கல் வைத்தேன்.

பஞ்சாங்கப் பித்தன் | 5 அக்டோபர் 2025

நல்லது அம்மா. குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

ஸ்கார்பரோ நிலா | 6 அக்டோபர் 2025

வாசிக்க வாசிக்கக் கண் நிறைஞ்சுபோச்சு. மாமியாருக்கும் என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

எடிசன் அக்கா | 6 அக்டோபர் 2025

படம் வைக்காதது எனக்கு இன்னமும் உறுத்தத்தான் செய்கிறது, மறைக்க மாட்டேன். ஆனாலும் நீ எழுதியதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். சரி, டப்பா எப்படிப் போகிறது?

காவேரிக்கரை | 6 அக்டோபர் 2025

தயிர் சாதம் வாரம் மூன்று நாள் அக்கா. பக்கத்தில் உட்காரும் பையன் அது என்ன என்று கேட்டிருக்கிறான். அவன் வீட்டில் இப்போது தயிரில் சோறு கேட்டு அடமாம், அவன் அம்மா எனக்குச் செய்தி அனுப்பினார். தாளிப்பு எப்படி என்று எழுதி அனுப்ப வேண்டும். கோதுமை கலக்காத பெருங்காயம் நம் பக்கத்துக் கடையில் எங்கே கிடைக்கும்?